மருமகள் வீடு திரும்பும்போது அடுப்படி காத்திருக்கட்டும்

கேள்வி: என் மருமகளுக்கு வயது 36. இரண்டாவது பிரசவத்தில் ஆபரேஷன் ஆனபிறகு முதுகுவலிக்கென்று மருந்துக்கடையில் கோடீன் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். ஏழு வருஷத்தில் அது தூக்க மாத்திரை, ஒயின் என்று போய்விட்டது. இப்போது சிகிச்சை மையத்தில் இருக்கிறாள், இரண்டு வாரத்தில் விடுகிறார்கள். பேத்திக்கு 12 வயது, பேரனுக்கு 7. நான்தான் பார்த்துக்கொள்கிறேன், என் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. சில மாதம் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கட்டும் என்கிறார் அங்குள்ள சமூகப் பணியாளர். வீடு இருக்கும்போது எதற்கு விடுதி என்கிறான் என் மகன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன்தான், ஆனால் சனிக்கிழமை பிராய் (வீட்டு முற்றத்தில் கறி சுடும் விருந்து) போட்டால் நண்பர்களோடு குடிப்பான். முன்பு இவர்கள் சண்டையில் கை நீண்டதும் உண்டு. பேத்தி அம்மாவோடு போனில்கூடப் பேச மறுக்கிறாள். மருமகளிடம் பேங்க் கார்டைக் கொடுக்கலாமா? ஆடிக் கூழுக்குக் கோயிலில் எல்லாரும் கேட்பார்களே, என்ன சொல்வது? அவள் எனக்கு மகள் மாதிரி. நான் ஏதாவது தப்பாகச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு மாமியார், சாட்ஸ்வொர்த், டர்பன்

அம்மா,

விடுதியா வீடா என்பதைத்தான் நீங்கள் உடனே முடிவு செய்ய வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். விடுதிக்குப் போகட்டும் என்பதே என் கருத்து. மூன்று மாதமாவது இருக்கட்டும்.

உங்கள் மகன் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். வீடு இருக்கிறது, மாமியார் அன்பானவர், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அப்புறம் எதற்கு வெளியில் தங்க வேண்டும்? ஆனால் டர்பனில் போதையிலிருந்து மீள்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன். ஆண் ஒருவர் சிகிச்சை முடிந்து வந்தால் வீடே அவரைச் சுற்றி வருகிறது. அம்மா பிடித்ததைச் சமைக்கிறார், மனைவி பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறார், வேலைக்கு மெதுவாகப் போகலாம் என்கிறார்கள். பெண் வந்தால் மறுநாள் காலை ஐந்தரைக்கே அடுப்படியில் நிற்கிறார். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா, பள்ளிச் சீருடை, துவைக்காத துணி எல்லாம் அவர் கைக்கு வந்துவிடுகின்றன. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இத்தனை நாள் என் வேலையை மற்றவர்கள் செய்தார்களே என்ற குற்ற உணர்ச்சிதான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. வீட்டாருக்கும் பழையபடி ஆகிவிட்டாள் என்று நிம்மதி. அந்தப் பழையபடியில்தான் ஆபத்து இருக்கிறது. நிற்க முடியாத வலியை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு அவர் நின்றது அதே இடத்தில், அதே நேரத்தில், அதே களைப்போடுதான்.

சிகிச்சை மையத்தில் நடப்பது முதல் பாதி. உடலிலிருந்து மருந்து வெளியேறியிருக்கும், ஆனால் மூளை சமநிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். தூக்கம் சரியாக வராது. சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் வரும், இல்லாவிட்டால் எரிச்சல் வரும். மறதி இருக்கும். உப்புப் போட்டோமா என்பதே நினைவில்லாமல் நிற்பார். விஷயம் தெரியாதவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், இன்னும் மோசமாக, மறுபடி எடுக்கிறாள் என்பார்கள். சிகிச்சையும் அதன்பின் வரும் ஆதரவும் சேர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பலன் நிலைப்பது கடினம் என்று ஆராய்ச்சிகள் பலகாலமாகவே சொல்கின்றன. இங்குள்ள மையங்களில் உள்ளே வைத்திருப்பதோ பெரும்பாலும் சில வாரங்கள். மீதிக் காலத்தை யார் தாங்குவது என்பதுதான் விடுதி பற்றிய கேள்வி.

நல்ல விடுதி என்றால் பூட்டு போட்ட இடம் அல்ல. அங்கே அவர் தன் முறை வரும்போது சமைப்பார், தன் துணியைத் துவைப்பார், மீண்டு வருபவர்களின் கூட்டத்துக்குப் போவார், வேலை தேடுவார், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்ப்பார். பொறுப்பு உண்டு, ஆனால் தன் ஒருவருக்கான பொறுப்பு மட்டும். மருந்தும் மதுவும் இல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிப்பது என்று, அதே பாதையில் இருக்கும் மற்றப் பெண்களோடு சேர்ந்து பழகிக்கொள்வார். உங்கள் பேரப்பிள்ளைகளிடம் அவரைப் பிரிக்கிறோம் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒருநாள் தெளிவாக வந்து போகும் அம்மா, தினமும் வீட்டில் உடைந்துகொண்டிருக்கும் அம்மாவைவிடப் பிள்ளைகளுக்கு நல்லது.

ஆனால் எந்த விடுதி என்பதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி சிகிச்சை மையங்களும், அங்கிருந்து வெளிவருபவர்கள் தங்கும் இடைக்கால இல்லங்களும் சமூக வளர்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். வாடகை வீட்டில் பத்துப் பேரைப் படுக்கவைத்துப் பணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. பெண்கள் மட்டும் தங்கும் இடமா, இரவில் பொறுப்பாக இருப்பவர் பெண்ணா, டாக்டர் எழுதித் தந்த மருந்துகளைத் தொடர விடுவார்களா, பிள்ளைகள் வந்து பார்க்க இடம் உண்டா என்று கேளுங்கள். கடைசியாக ஒன்று கேளுங்கள்: ஒருவேளை அவர் மறுபடி மாத்திரையோ மதுவோ எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ராத்திரி பதினொரு மணிக்குப் பையோடு வாசலில் நிறுத்திவிடும் இடம் ஒரு பெண்ணுக்கு ஏற்ற இடம் அல்ல. வீட்டுக்குச் சொல்லி, டாக்டரிடம் அனுப்பி, அப்புறம்தான் மற்றதைப் பேசுவோம் என்று சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டாக்டர் தந்த மருந்து பற்றி விடுதியில் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோடீனும் ஹெராயினும் ஒரே குடும்பம். உங்கள் பக்கத்தில் சுகர்ஸ் (ஹெராயின் கலந்த மலிவான போதைத்தூள்) என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 2000-களின் நடுவிலிருந்து எத்தனை தாய்மார்கள் அதனால் அழுதார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் போதை என்றாலே தெருமுனையில் நிற்கும் பையன்கள்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பெண்களின் பழக்கம் பலநேரம் சமையலறை அலமாரிக்குள், மருந்துக்கடை உறையில், யாரும் சந்தேகப்படாத இடத்தில் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் பெயரைப் பதிவு செய்துகொண்டு சீட்டு இல்லாமலே கொடுக்கும் மாத்திரைதானே என்று உங்கள் மருமகளும் பல வருஷம் நினைத்திருப்பார். கோடீனை விட்டவர்கள் சிலருக்கு டாக்டர்கள் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடர்ந்து தருவதுண்டு. அது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை அல்ல, முறையான சிகிச்சை. உங்கள் மருமகளுக்கு அது எழுதப்பட்டிருந்தால், டாக்டரைத் தவிர வேறு யாரும், விடுதியோ, கணவரோ, நல்லெண்ணத்தில் நீங்களோ அதை நிறுத்தக் கூடாது.

இதோடு சேர்த்து உயிர் சம்பந்தமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வாரம் விட்டபிறகு உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு சாதாரணமாகப் போட்ட அதே அளவை இப்போது போட்டால் மூச்சு நின்றுவிடலாம். தூக்க மாத்திரையும் ஒயினும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது குறட்டை மாதிரி கரகரவென்று வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைபேசியிலிருந்து 112 அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவது, கறுப்புக் காப்பி கொடுப்பது எதுவும் வேண்டாம். என்ன எடுத்தார் என்று தெரிந்தால் ஆம்புலன்ஸ்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வீட்டு அலமாரிக்கு வருவோம். முழங்காலுக்கு நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? டிரமடால் அல்லது கோடீன் கலந்ததாக இருந்தால், மருமகள் ஒருநாள் வந்து தங்கினாலும் அது பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். இருமல் மருந்துகளின் உறையையும் படித்துப் பாருங்கள், சிலவற்றில் கோடீனும் சிலவற்றில் ஆல்கஹாலும் இருக்கும். முதுகுவலி இன்னும் இருக்கிறதா என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? பெரும்பாலும் கேட்பதில்லை. பழக்கம் விட்டது, ஆனால் வலி அங்கேயேதான் இருக்கிறது. ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ உங்கள் கிளினிக்கிலோ எனக்குக் கோடீன் ஆகாது என்று அவரே சொல்லி, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். பல் டாக்டரிடமும் இதையே சொல்ல வேண்டும்.

மாமியாரிடம் சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. இந்த வகை மருந்துகளை நீண்டநாள் எடுத்த பெண்களுக்கு மாதவிடாய் தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். விட்ட கொஞ்ச நாளில் அது திரும்பும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடவே திரும்பும். இது தெரியாமல் மீட்சியின் முதல் மாதங்களிலேயே கர்ப்பமாகித் தவித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பேச வேண்டாம். மையத்தில் இருக்கும் நர்ஸ் வெளியே அனுப்புமுன் அவரிடம் பேசட்டும். அரசு கிளினிக்கில் கருத்தடை இலவசம்.

உங்கள் மகனைப் பற்றி. அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வருஷாவருஷம் அந்த விரத நாட்களில் உங்கள் வீட்டில் ஒரு சொட்டு மது இல்லை, மாமிசம் இல்லை. நண்பர்கள் அழைத்தாலும் விரதம் என்று சொல்லிவிடுகிறார், யாரும் வற்புறுத்துவதில்லை, அவரும் யாரிடமும் விளக்கம் சொல்வதில்லை. மது இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரியும். அதே மரியாதையை மனைவிக்காக ஒரு வருஷம் கொடுக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். பிராய் போடட்டும், கறி சுடட்டும், குளிர்ந்த பானம் ஊற்றட்டும். குடித்தே ஆக வேண்டும் என்றால் வேறு வீட்டில் குடித்து, அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் வரட்டும். முருகனுக்காகக் கட்டுப்படுத்த முடிவது மனைவிக்காக முடியாது என்றால், அந்த வீட்டுக்கு மருமகளை இப்போது அழைத்து வரக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கை நீண்டது என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமான வரி என்று புரிகிறது, அவர் நீங்கள் பெற்ற பிள்ளை. ஆனால் சிகிச்சைக்கு வரும் பெண்களில் அடி வாங்காதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு இது எங்கள் அறையில் சகஜம். பலர் அந்தப் பயத்தை மறக்கத்தான் மாத்திரையைத் தேடுகிறார்கள். அடித்த கை அப்படியே இருக்க, மருமகள் மட்டும் மாறி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காது. அவர் வருவதற்கு முன்பே உங்கள் மகன் ஆலோசனைக்குப் போகத் தொடங்க வேண்டும், தனியாக. அடி மறுபடி நடந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமையை 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குத் தருகிறது, வக்கீல் தேவையில்லை. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு உதவும் 0800 428 428 என்ற எண்ணில் இரவும் பகலும் பேசலாம். இந்த எண் உங்கள் மருமகள் கையில் இருக்கட்டும், உங்கள் கையிலும் இருக்கட்டும். நீங்கள் அவர் பக்கம் நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால், அதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை.

பேத்தி பேச மறுக்கிறாள் என்பதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் இல்லை. 12 வயதில் அவள் தம்பிக்கு அம்மாவாக இருந்திருக்கிறாள். குப்பைத்தொட்டியில் மாத்திரை அட்டையைத் தேடியிருப்பாள், அம்மா தூங்குகிறாளா மயங்கிவிட்டாளா என்று பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். அவளுக்குக் கோபப்பட உரிமை உண்டு. பாவம், அம்மாவிடம் பேசு என்று தள்ளாதீர்கள். அம்மா கடிதம் எழுதட்டும், பதில் எதிர்பார்க்காமல். நீங்கள் பேத்தியிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: உன்னால் இது வரவில்லை, அம்மாவைக் கண்காணிப்பது உன் வேலை இல்லை, பயமாக இருந்தால் என்னிடம் வா. முக்கியமாக, அம்மா வந்தபிறகு, அம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்துச் சொல் என்று எந்தக் காரணத்துக்கும் அவளிடம் கேட்காதீர்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சின்னவன் ஓடிவந்து கட்டிக்கொள்வான், அதைப் பார்த்துப் பெரியவளைக் குறைசொல்லாமல் இருந்தால் போதும்.

பிள்ளைகளை மருமகளிடம் திரும்ப ஒப்படைப்பதும் படிப்படியாகத்தான். முதலில் ஒரே ஒரு வேலை, அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். சின்னவனுக்கு இரவில் வாசித்துக் காட்டுவதாக இருக்கலாம். அதைச் சில வாரம் சரியாகச் செய்தபின் அடுத்தது. அதுவரை மற்றதை உங்கள் முழங்காலே சுமக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் மகன் இரண்டு கையும் உள்ளவர், அரிசி கழுவவும் சீருடை தேய்க்கவும் கற்றுக்கொள்ளட்டும். ஆண்பிள்ளை அடுப்படிக்கு வருவதா என்று நம் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பேங்க் கார்டை நீங்கள் பிடுங்கி வைக்கக் கூடாது, அதே சமயம் முதல் மாதங்களில் கையில் நிறையப் பணம் இருப்பது அவருக்கே பயமாக இருக்கும், ஏனென்றால் அவருடைய கடை தெருமுனையில் இல்லை, எந்த மருந்துக்கடையும் அவருக்குக் கடைதான். அவரையே கேளுங்கள்: எவ்வளவு கையில் இருந்தால் நிம்மதி? டாக்சிக் காசு, போன் டேட்டா, தன் சொந்தச் செலவுக்குக் கொஞ்சம், இவ்வளவு அவரிடம் எப்போதும் இருக்க வேண்டும். மீதியை யார் வைத்திருப்பது, எந்தத் தேதி வரை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுங்கள். முடிவுத் தேதி இல்லாத கட்டுப்பாடு சிறை ஆகிவிடும். போனைச் சோதிப்பது, பையைத் துழாவுவது இதெல்லாம் வேண்டாம். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்.

அவர் வீட்டுக்கு வந்தபின்னும் வாரத்தில் சில மாலைகள் கூட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். குடியை விடுபவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், போதைமருந்தை விடுபவர்களுக்கான நார்காட்டிக்ஸ் அனானிமஸ் இரண்டும் கட்டணம் வாங்குவதில்லை. முடிந்தால் பெண்களுக்கான கூட்டமாகப் பார்த்துப் போகட்டும், வழிகாட்டியாக ஒரு பெண்ணையே வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வரும் பெண்ணிடம் அனுதாபம் காட்டிக்கொண்டு நெருங்கும் ஆண்கள் எல்லா இடத்திலும் உண்டு, இதை அவரிடம் முன்கூட்டியே சொல்வதில் தவறில்லை. கூட்டம் இருக்கும் மாலையில் சமையலை யார் செய்வது என்று முன்பே தீர்மானித்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்காகக் கூட்டத்தைத் தவறவிட்ட பெண்கள்தான் என்னிடம் அதிகம் திரும்பி வருகிறார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களின் வீட்டாருக்கென்று ஆல்-அனான் கூட்டங்கள் உண்டு. அங்கே நீங்கள் போங்கள் அம்மா. ஏழு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறீர்கள்.

கூழ் விஷயம். கோயிலில் கேட்பவர்களுக்கு, உடம்பு சரியில்லாமல் சிகிச்சை எடுத்தாள், தேறி வருகிறாள், கேட்டதற்கு நன்றி என்று ஒரே பதிலை எல்லாரும் சொல்லுங்கள். பொய்யும் இல்லை, முழுக் கதையும் இல்லை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவருடைய உரிமை, அவர் சொல்லும்வரை நீங்கள் அதற்கு மேல் போக வேண்டாம். ஆடிக்கு அவர் வர விரும்பினால் வரட்டும், அண்டா பக்கத்தில் நிற்பதா, சும்மா கும்பிட்டுவிட்டு வருவதா என்று அவரே முடிவு செய்யட்டும். அம்மன்மேல் நம்பிக்கை பலருக்குப் பெரிய பிடிமானம், அதை நான் எங்கள் அறையிலேயே பார்க்கிறேன். ஆனால் சன்னிதியில் நிறுத்தி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்காதீர்கள். ஒருவேளை தவறிவிட்டால் உங்களிடமிருந்து மட்டுமல்ல, அம்மனிடமிருந்தும் ஒளிந்துகொள்வார். ஒளியத் தொடங்கினால்தான் உயிருக்கே ஆபத்து.

தவறுவது நடக்கலாம், நிறையப் பேருக்கு நடக்கிறது. அதற்கான திட்டத்தை இப்போதே, அவர் தெளிவாக இருக்கும்போது, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள்: முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளைகள் அன்றிரவு எங்கே இருப்பார்கள், எந்த டாக்டர். தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பேச ஆள் இல்லையென்றால் சமூக வளர்ச்சித் துறையின் 0800 12 13 14 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மருந்துக்கான ஏக்கம் அலை போல ஏறி, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும், அந்த அரைமணியைப் பேசிக் கடத்தினால் போதும்.

இந்த வாரம் மையத்தின் சமூகப் பணியாளருக்குப் போன் செய்து, நீங்களும் மகனும் மருமகளும் சேர்ந்து உட்காரும் ஒரு சந்திப்பைக் கேளுங்கள். வெளியே வந்தபின் தொடர்ந்து யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, முதல் தேதி எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பரிந்துரைத்த விடுதியின் பெயரை வாங்கி, மகனையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தபின் மனம் மாறிய கணவர்கள் பலர். மாறாவிட்டாலும் கடைசி வார்த்தை உங்கள் மகனுடையது அல்ல, எங்கே இருந்தால் நான் பிழைப்பேன் என்று உங்கள் மருமகள் நினைக்கிறாரோ அதுதான். அவரிடம் அந்தக் கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை என்றால், அந்தச் சந்திப்பில் நீங்கள் கேளுங்கள்.